கல்லில் இல்லாத நந்தினி

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலில் வரும் நந்தினி உடையார்குடிக் கல்வெட்டில் இல்லை. கடம்பூர் மாளிகை இல்லை, பழுவேட்டரையர் இல்லை, மீன் சின்னம் பொறித்த வாளும் இல்லை. சுந்தர சோழனின் மகனும் ராஜராஜனின் அண்ணனுமான ஆதித்த கரிகாலனின் கொலையைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிக நேரடியான சான்று அந்த ஒரு கல்வெட்டுதான். அதில் இருப்பது சில பெயர்கள், ஒரு குற்றச்சாட்டு, நிறைய நிலக்கணக்கு. அவ்வளவே.

ஆனாலும் இணையத்தில் சோழர் வம்ச மரம் வரைகிறவர்கள் நந்தினிக்கு ஒரு கிளை ஒதுக்குகிறார்கள். காணொளிகளில் "வரலாற்றின் மாபெரும் சூழ்ச்சிக்காரி" என்று அவளுக்குத் தனி அத்தியாயம் ஓடுகிறது. பூங்குழலி எந்த ஊரில் பிறந்தாள், ஆழ்வார்க்கடியான் எந்த நூற்றாண்டு என்றெல்லாம் கேள்விகள் வருகின்றன. மூவருமே கற்பனைப் பாத்திரங்கள்.

கல்கி இதை மறைத்ததே இல்லை. 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை வாராவாரம் வந்த தொடர்கதை அது. பக்கத்துக்குப் பக்கம் "வாசகர்களே" என்று கூப்பிட்டு, தான் கதை சொல்லிக்கொண்டிருப்பதை நினைவூட்டியபடியே எழுதினார். செப்பேட்டை மேற்கோள் காட்டும் இடத்தில் செப்பேடு என்று பெயர் சொல்லியே காட்டினார். அப்படியிருந்தும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் குழப்பம் வளர்ந்துகொண்டே இருக்கிறதென்றால், அந்தக் கதை கட்டப்பட்ட விதத்தில் காரணம் இருக்கவேண்டும்.

என் கணிப்பு இது. கல்கி கற்பனையைச் சான்றுகளுக்கு எதிராக வைக்கவில்லை. சான்றுகளின் இடுக்குகளில் வைத்தார். அதனால் கதையின் பெரும்பகுதியைக் கல்வெட்டு மறுக்காது. மறுக்காத ஒன்றை, சொல்லியிருக்கிறது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழன் கதையை எடுத்துக்கொள்வோம். நாவலைப் படிக்காதவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்த இரண்டு பத்திகளையும் தாண்டிவிடுங்கள், முக்கியமான முடிச்சு ஒன்று அவிழ்ந்துவிடும். கண்டராதித்த சோழனின் தேவி செம்பியன் மாதேவி கட்டிய கோயில்களில் அவரைக் குறிக்க ஓர் அழகான தொடர் திரும்பத் திரும்ப வரும்: உத்தம சோழ தேவரைத் "திருவயிறு வாய்த்த" உடைய பிராட்டியார். உத்தம சோழன் அவர் வயிற்றுப் பிள்ளை என்பதைக் கல் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறது. கதையிலோ குழந்தை மாறிப்போகிறது. அரண்மனையில் மதுராந்தகனாக வளர்பவன் வேறொருத்தியின் மகன். பெற்ற பிள்ளை சேந்தன் அமுதனாகத் தஞ்சைப் பூந்தோட்டத்தில் மாலை கட்டிக்கொண்டிருக்கிறான். கடைசியில் உத்தம சோழன் என்ற பெயரோடு முடிசூடுவது யார்? அந்த அமுதன்தான்.

முடிசூடுகிறவன் செம்பியன் மாதேவியின் திருவயிறு வாய்த்தவனாகவே இருக்கிறான். கல்வெட்டின் ஒரு சொல்லும் காயப்படவில்லை. ஆனால் ஆள்மாறாட்டத்துக்கு எந்தக் கல்லிலும் சான்று கிடையாது. நாவலாசிரியரின் கைவண்ணம் முழுதும் தெரியும் இடம் இது. வாசகர் வழுக்கி விழும் இடமும் இதுவே. "கல்வெட்டோடு ஒத்துப்போகிறதே" என்பார்கள். ஒத்துப்போகும்படி கட்டப்பட்டது, ஆகவே ஒத்துப்போகிறது.

2023-இல் வந்த இரண்டாம் படத்தில் இந்த மாற்றுக்குழந்தை முடிச்சு இல்லை, மதுராந்தகனே முடிசூடுகிறான். உடனே "வரலாற்றை மாற்றிவிட்டார்கள்" என்று ஒரு சாரார் கொதித்தார்கள். மாறியது நாவல். வரலாறு என்று நமக்குத் தெரிந்த அளவில் பார்த்தால், மதுராந்தகன் என்ற உத்தம சோழன் ஒரே ஆள்தான். படம் சொன்னதுதான் அந்த ஒரு விஷயத்தில் கல்லுக்கு நெருக்கம். நாவல் மீது இருக்கும் அன்பு, நாவலையே மூல ஆவணமாக ஆக்கிவிட்டதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

உடையார்குடிக் கல் என்ன சொல்கிறது

சிதம்பரத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் காட்டுமன்னார்கோயில். பழைய பெயர் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். நாவல் தொடங்கும் வீராணம் ஏரிக்கரை பக்கத்திலேயே இருக்கிறது. அங்குள்ள உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில்தான் அந்தக் கல்வெட்டு. 1920-இல் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்தார்கள். அந்த ஆண்டறிக்கையில் அதன் எண் 577. பிறகு 'எபிகிராபியா இந்திகா' 21-ஆம் தொகுதியில் நீலகண்ட சாஸ்திரி அதைப் பதிப்பித்தார். அதாவது, கல்கி எழுதத் தொடங்குவதற்குச் சுமார் இருபது ஆண்டு முன்பே அச்சில் வந்துவிட்டது.

கல்வெட்டு அரசனின் ஓலை வடிவில் இருக்கிறது. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துப் பெருங்குறி மக்களுக்கு, அதாவது ஊர்ச்சபையாருக்கு, அனுப்பப்பட்ட ஆணை. "பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று" துரோகிகளானவர்கள் என்று சிலரைப் பெயர் சொல்கிறது: சோமன், அவன் தம்பி ரவிதாசன் என்கிற பஞ்சவன் பிரமாதிராஜன், அவன் தம்பி பரமேஸ்வரன் என்கிற இருமுடிச்சோழ பிரமாதிராஜன். மலையனூரைச் சேர்ந்த ஒருவனும் வருகிறான். அதற்குப் பிறகு உறவுமுறை நீள்கிறது. தம்பிமார், மக்கள், மனைவிமார், மாமன்மார், பெண் கொடுத்த மாமனார்கள் வரை. இவர்கள் எல்லோருடைய உடைமையும் அரசனுக்குச் சேரும். விற்றுக் கொடுங்கள் என்பதுதான் ஆணை. அப்படி விற்ற நிலத்தை ஒருவர் பொன் கொடுத்து வாங்கி, அறத்துக்கு எழுதி வைக்கிறார். அந்த அறக்கொடை இல்லையென்றால் இந்தச் செய்தி கல்லில் ஏறியே இருக்காது. கொலையைப் பதிவு செய்யவேண்டும் என்று யாரும் உளி எடுக்கவில்லை. நிலத்தின் பட்டா வரலாறு தெளிவாக இருக்கட்டும் என்று வெட்டினார்கள். கொலை அதற்குள் ஒரு காரணமாக வந்து விழுந்திருக்கிறது.

இனி, கல் சொல்லாதவை. கொலை எங்கே நடந்தது, எந்த நாளில், எந்த ஆயுதத்தால், யார் தூண்டி, என்ன காரணத்துக்காக: ஒன்றுமே இல்லை. கொன்றவர்களுக்கு உடல் தண்டனை தந்தார்களா, நாடு கடத்தினார்களா என்பதும் இல்லை. "தலையை மொட்டையடித்துச் சேர நாட்டுக்கு விரட்டினார்கள்" என்று எங்காவது படித்தால், இந்தக் கல்லில் அது கிடையாது என்று உறுதியாகச் சொல்லலாம்.

நாவலின் ரவிதாசன் மந்திரவாதி, பாண்டிய நாட்டு ஆபத்துதவி, அதாவது அரசனுக்காக உயிர் கொடுக்கச் சபதம் செய்த மெய்க்காவலன். கல்லின் ரவிதாசன் பட்டம் பெற்ற பிராமண அதிகாரி. பிரமாதிராஜன் என்பது அத்தகையவர்களுக்கு அரசன் தரும் பட்டம். பஞ்சவன் என்றால் பாண்டியன், ஆகவே இவன் பாண்டியனின் ஆள் என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதம் நிற்க வேறு சான்று வேண்டும். ராஜராஜனின் தேவியருள் ஒருவர் பெயரே பஞ்சவன் மாதேவி. பட்டீச்சரம் பக்கத்தில் அவருக்கு ராஜேந்திரன் எடுத்த பள்ளிப்படை, அதாவது சமாதிக் கோயில், இன்றும் இருக்கிறது. சோழர் அவையில் பஞ்சவன் என்ற சொல் பகையின் அடையாளமாக மட்டும் புழங்கவில்லை. தம்பியின் பட்டமோ இருமுடிச்சோழன் பெயரில் இருக்கிறது. அதை மட்டும் யாரும் எடுத்துப் பேசுவதில்லை.

யார் தூண்டினார்கள் என்பதில் அறிஞர்களே இரண்டு பக்கம். நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மீது ஐயம் கொண்டார்: அவன் ஆட்சி முடிந்து ராஜராஜன் வந்த இரண்டாம் ஆண்டில்தானே நடவடிக்கை தெரிகிறது என்பது அவர் வாதத்தின் முக்கியமான கால். சதாசிவ பண்டாரத்தார் இதை ஏற்கவில்லை. கல்வெட்டு பதிவு செய்வது நில விற்பனையின் முடிவை. பறிமுதல் எப்போது தொடங்கியது என்பதை அது சொல்லவில்லை என்பதைக் கவனித்தால் மறுப்பின் பலம் புரியும். உத்தம சோழனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜன் ஆட்சியில் கோயில் நிர்வாகத்தை விசாரிக்கும் பெரிய பொறுப்பில் இருந்ததையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். தன் அண்ணனைக் கொல்வித்தவனின் மகனுக்கு ராஜராஜன் அப்படி ஒரு பொறுப்பு கொடுத்திருப்பானா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் கேள்விதான், தீர்ப்பு இல்லை. எனக்குப் பண்டாரத்தார் பக்கம் சாய்வு உண்டு. அதற்கும் மேல் போகக் கல் விடவில்லை.

ஆண்டு எப்படிக் கணக்கிடுவது

இந்தக் கல்வெட்டில் அரசன் பெயர் ராஜராஜன் என்று இல்லை. கோவிராஜகேசரி வர்மன், யாண்டு 2 என்றுதான் இருக்கிறது. சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களையும் மாற்றி மாற்றிச் சூடியவர்கள். அந்தக் காலப் பகுதியில் ராஜகேசரி என்றால் முதலாம் ஆதித்தன், கண்டராதித்தன், சுந்தர சோழன், ராஜராஜன் யாராகவும் இருக்கலாம். கொல்லப்பட்டவன் பாண்டியனைத் தலைகொண்ட கரிகாலன். அவன் சுந்தர சோழனின் மகன். ஆகவே முதல் இருவரும் கழிந்தார்கள். சுந்தர சோழன் பட்டத்துக்கு வந்தது சுமார் 957. அவனுடைய இரண்டாம் ஆண்டில் ஆதித்தன் உயிரோடு இருந்தான். "பாண்டியன் தலைகொண்ட கோப்பரகேசரி" என்று அவன் பெயரிலேயே கல்வெட்டுகள் பின்னால் வருகின்றன. மிச்சம் ராஜராஜன் ஒருவன்தான். இப்படித்தான் ஆள் அடையாளம் காணப்படுகிறது, ஒவ்வொன்றாகக் கழித்து. ராஜராஜனுக்குப் பிற்பாடு வரும் "திருமகள் போல" மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனைப் புகழும் பகுதி) இரண்டாம் ஆண்டில் இன்னும் பிறக்கவில்லை என்பதால் அந்த உதவியும் இங்கே கிடையாது.

ஆட்சியாண்டை நம் ஆண்டாக மாற்றும்போது பலர் ஒன்று கூட்டிவிடுகிறார்கள். யாண்டு என்பது நடப்பு ஆண்டு. ராஜராஜன் 985 ஜூன் கடைசிக்கும் ஜூலை கடைசிக்கும் நடுவில் பட்டமேறினான். முதல் ஆண்டு 985-86. இரண்டாம் ஆண்டு 986-87. ஆகவே ஆண்டு எண்ணில் ஒன்றைக் கழித்துவிட்டு 985-உடன் கூட்டவேண்டும். சரிபார்க்கத் தஞ்சைப் பெரிய கோயில் இருக்கிறது. விமானத்தின் உச்சிக்குச் செப்புக் குடம் கொடுத்தது யாண்டு 25, நாள் 275. 24-ஐக் கூட்டினால் 1009 நடு. அங்கிருந்து 275 நாள் நகர்ந்தால் 1010 வசந்தம். கோயில் ஆயிரமாண்டு விழா 2010-இல் வந்த கணக்கு இதுதான்.

இந்தக் கணக்கு கையில் இருந்தால் நாவலின் ஒரு பெரிய காட்சியை நீங்களே எடை போட்டுவிடலாம். காய்ச்சலில் கிடக்கும் அருள்மொழி, அதாவது பின்னாளைய ராஜராஜன், நாகப்பட்டினத்துச் சூடாமணி பௌத்த விகாரத்தில் தங்குகிறான், கடல் பொங்குகிறது. அருமையான அத்தியாயங்கள். கதை நடப்பது 970-ஐ ஒட்டி. விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்த ஆணை பெரிய லெய்டன் செப்பேட்டில் இருக்கிறது, ராஜராஜனின் 21-ஆம் ஆண்டு. கூட்டிப் பாருங்கள்: 1005-06. தமிழ்ப் பகுதியில் கிடாரத்தரையன் நாகப்பட்டினத்தில் "எடுப்பிக்கின்ற" சூளாமணி பன்ம விகாரம் என்று வருகிறது. எடுப்பித்த என்று இல்லை, எடுப்பிக்கின்ற. நிகழ்காலம். அதாவது 1005-இல் கட்டிக்கொண்டிருந்தார்கள். கதைக்கு முப்பத்தைந்து ஆண்டு பின்னால்! வினைச்சொல்லின் ஒரு இடைநிலை இவ்வளவு பெரிய காட்சியைத் தேதி மாற்றி நிறுத்திவிடுகிறது. நாகையில் அதற்கு முன் வேறு பௌத்தப் பள்ளி இருந்திருக்கலாம் என்று கற்பனை செய்வது நாவலாசிரியரின் உரிமை. அந்தப் பெயரோடு அந்த விகாரம் அப்போது இருந்தது என்று நாம் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் தவறு.

உண்மையான மனிதர்கள் கற்பனைச் செயல்களில் ஈடுபடும் இடங்கள் இன்னும் வழுக்கலானவை. வந்தியத்தேவன் இருந்தான். தஞ்சைக் கல்வெட்டு குந்தவையை ராஜராஜனின் திருத்தமக்கையார், வல்லவரையர் வந்தியதேவர் மகாதேவியார் என்றே அறிமுகப்படுத்துகிறது. அவன் குதிரையேறி ஓலை சுமந்ததும், எந்தப் பெட்டியில் ஒளிந்தான், எந்தச் சுரங்கத்தில் நடந்தான் என்பதும் கதை. அமைச்சர் அநிருத்தர் இருந்தார், சுந்தர சோழனின் நான்காம் ஆண்டு அன்பில் செப்பேடு அவருக்கு நிலம் கொடுத்த ஆவணம். பழுவேட்டரையர்கள் இருந்தார்கள், கீழப்பழுவூர், மேலப்பழுவூர்க் கோயில்களில் பெயரோடு. அவர்களில் ஒருவர் கிழவயதில் நந்தினியை மணந்தது கதை. பார்த்திபேந்திரன் விவகாரம் இன்னும் சுவையானது. "வீரபாண்டியன் தலைகொண்ட" பார்த்திவேந்திரவர்மன் பெயரில் தொண்டை மண்டலத்தில் கல்வெட்டுகள் உண்டு. அது ஆதித்த கரிகாலனேதான் என்பார் உண்டு, வேறு ஆள் என்பாரும் உண்டு. தீராத அந்த வழக்கிலிருந்து கல்கி ஒரு பல்லவ நண்பனை உருவாக்கிவிட்டார். இன்று அந்த நண்பனையே தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

"ஆதாரம்: கல்வெட்டு" என்று போட்டிருந்தால்

அது ஆதாரமாகாது. ஊர், கோயில், அரசன் பெயரோடு ஆட்சியாண்டு, வெளியீட்டு எண்: இந்த நான்கும் வேண்டும். 1887 முதல் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் இருக்கின்றன. "577/1920" என்பது போன்ற எண் அவற்றைச் சுட்டும். முழுப் பாடம் வேண்டுமானால் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 2-ஆம் தொகுதி, திருவாலங்காட்டுச் செப்பேட்டுக்கு 3-ஆம் தொகுதியில் எண் 205, பெயரில்லாத ராஜகேசரிகளுக்கு 13, பரகேசரிகளுக்கு 19. வருடிய (ஸ்கேன் செய்த) பிரதிகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆண்டறிக்கையின் ஆங்கிலச் சுருக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். இரண்டு வரிச் சுருக்கத்தில் "கொலையாளிகளின் நிலம் பறிமுதல்" என்றுதான் இருக்கும். உறவுமுறைப் பட்டியலும் விற்பனையும் பாடத்தில்தான் தெரியும்.

பாடத்தைப் படிக்கும்போது அடைப்புக்குறிகளை விழுங்கிவிடக் கூடாது. சதுர அடைப்புக்குள் இருக்கும் எழுத்து, கல்லில் மங்கிக் கிடப்பதைப் பதிப்பாசிரியர் இதுவாக இருக்கும் என்று படித்தது. நட்சத்திரக் குறி சேர்ந்திருந்தால் கல்லில் இல்லாததை அவர் சேர்த்தது. புள்ளிகள் வரிசையாக வந்தால் சிதைந்த இடம். காணொளிக்காரர்கள் செய்யும் பெரிய பிழை, அடைப்பை நீக்கிவிட்டு வாசிப்பது. ஊகம் அங்கேயே உண்மையாகிவிடுகிறது.

எழுத்தின் இயல்பும் தெரிந்திருக்கவேண்டும். சோழர் கால எழுத்தில் புள்ளி பெரும்பாலும் வைக்கமாட்டார்கள். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவம். காலும் ரகரமும் ஒன்றுபோல் நிற்கும். சொற்களுக்கு நடுவில் இடைவெளி கிடையாது. வடசொற்கள் கிரந்த எழுத்தில் நடுவே வந்து போகும். அருள்மொழியா, அருண்மொழியா, அருமொழியா என்ற சண்டைக்கும் இங்கே கொஞ்சம் பதில் இருக்கிறது. அருளும் மொழியும் புணர்ந்தால் அருண்மொழி. நாவலின் பெயரும் படத்தின் பெயரும் ஒரே பெயர்தான். நாட்டுப் பிரிவின் பெயராகக் கல்வெட்டில் வருவது அருமொழிதேவ வளநாடு. இதற்காக ஒருவரையொருவர் திட்டிக்கொள்வது வீண்.

எண் தேடப் பொறுமை இல்லாத நேரத்துக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. சொல்லப்படும் செய்தியில் தனியறைப் பேச்சோ மனத்துக்குள் ஓடிய எண்ணமோ இருந்தால், அது கல்லிலிருந்து வந்திருக்க முடியாது. கல்வெட்டு பேசும் மொழி வேறு. ஒரு நுந்தாவிளக்குக்கு, அதாவது அணையா விளக்குக்கு, "சாவா மூவாப் பேராடு" தொண்ணூற்றாறு; அதற்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய். செத்தது போகக் குட்டி போட்டு எண்ணிக்கை குறையாமல் நிற்பதால் சாவா, மூவா. வேலி, மா, கழஞ்சு, கலம், நாழி என்று இப்படியே போகும். குந்தவை தம்பியை எவ்வளவு நேசித்தாள் என்பதை அது சொல்லாது. அவள் பெரிய கோயிலுக்கு எடுத்துக் கொடுத்த திருமேனிகளின் உயரத்தையும் நகைகளின் எடையையும் மஞ்சாடி குன்றிமணி வரை சொல்லும். பழகியவர்களுக்கு அந்தக் கணக்குக்குள்ளேயே அவள் முகம் தெரியும். எனக்கு நாவலின் குந்தவையைவிட அந்தக் குந்தவை மீது மரியாதை அதிகம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. செப்பேட்டை அப்படியே நம்புவதும் இதே பிழையின் இன்னொரு முகம். திருவாலங்காட்டுச் செப்பேடு ராஜேந்திரனின் ஆறாம் ஆண்டு ஆவணம், 31 ஏடுகள். அதன் வடமொழிப் பகுதி காவியம். சோழர் குலம் சூரியனிலிருந்து இறங்குகிறது. மனு வருகிறார், சிபி வருகிறார். அருண்மொழியை ஆளச்சொல்லி மக்கள் வேண்ட, சிற்றப்பன் உத்தமனுக்கு ஆசை இருக்கும்வரை நான் மனத்தாலும் அரசை விரும்பேன் என்று அவன் விலகியதாகச் சொல்வதும் இதே காவியப் பகுதிதான். எழுதியது அவன் மகனின் அவைக்களம். நிகழ்ச்சி நடந்து நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நாவலின் ஐந்தாம் பாகத்துக்கே பெயர் தந்த தியாகம் இந்தச் சில சுலோகங்களிலிருந்து முளைத்தது. உத்தமன் ஆண்டதும் அவனுக்குப் பின் 985-இல் ராஜராஜன் வந்ததும் உறுதி. மனமுவந்து விட்டுக்கொடுத்தானா, வேறு வழியில்லாமல் காத்திருந்தானா என்பதற்கு அந்தப் புகழ்ப்பாட்டைத் தவிர நமக்குச் சாட்சி இல்லை. ஆகவே செப்பேட்டில் வடமொழிப் புகழ்ச்சி எது, பிடி (பெண் யானை) நடத்தி எல்லை சுற்றி வந்து எழுதிய தமிழ்ப் பகுதி எது என்று பிரித்துக்கொண்டு, முன்னதைக் கவிதையாகவும் பின்னதைப் பத்திரமாகவும் படிக்கவேண்டும்.

படங்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். தொடருக்கு மணியம் வரைந்த முகங்கள் அந்தக் காலத்திலிருந்து நம் மனத்தில் பதிந்துவிட்டன. இப்போது கணினி வரைந்து தரும் குந்தவைகள் "உண்மை உருவம்" என்ற தலைப்போடு சுற்றுகின்றன. அந்தக் காலத்து மனிதர் ஒருவரின் முகம் என்று உறுதியாகக் காட்டக்கூடியது அநேகமாக ஒன்றுமில்லை. பெரிய கோயில் உள்சுற்றில் 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி வெளிக்கொணர்ந்த ஓவியங்களில் தாடியோடு ஒருவரும் பின்னால் ஒருவரும் நிற்கும் காட்சியைக் கருவூர்த்தேவரும் ராஜராஜனும் என்று பாடப்புத்தகம் வரை கொண்டுபோய்விட்டார்கள். ஓவியத்தில் பெயர் எழுதியிருக்கவில்லை. அது அறிஞர் சொன்ன அடையாளம். மறுக்கும் அறிஞரும் உண்டு.

நேரில் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. காலையோ மாலையோ போங்கள். வெயில் சுவரில் சாய்வாக விழும்போதுதான் வெட்டெழுத்தின் குழி நிழல் பிடித்துத் தெரியும். உச்சி வெயிலில் சுவர் வெறுமையாகத் தோன்றும். உள்சுவரானால் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். எழுத்தைத் தெளிவாக்குகிறேன் என்று மாவு, சுண்ணாம்புக்கட்டி, எண்ணெய் எதையும் தேய்க்கக் கூடாது. எண்ணெய் தூசியைக் கட்டிவைத்துக் குழியை அடைத்துவிடும். மணல் வீசிச் சுத்தம் செய்ததில் முனை மழுங்கிப்போன கல்வெட்டுகள் எத்தனையோ; அந்த இழப்புக்கு மாற்றே இல்லை. மைப்படி எடுப்பது அனுமதி பெற்றவர்கள் செய்யவேண்டிய வேலை: கல்லைத் தூரிகையால் துடைத்து, நனைத்த தாளை ஒட்டி, கெட்டியான தூரிகையால் தட்டித் தட்டித் தாளை எழுத்துக்குழிக்குள் இறக்கி, லேசாகக் காய்ந்ததும் மைப்பந்தால் ஒற்றுவார்கள். மேடு கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். நீங்கள் நிழற்படம் எடுத்தால் வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி எடுங்கள். ஒரு கல்லின் வரி அடுத்த கல்லில்தான் தொடரும், ஒற்றைப் படத்தில் தொடர் அறுந்துவிடும்.

அச்சிட்ட பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு உடையார்குடிச் சுவர் முன்னால் நில்லுங்கள். த்ரோஹிகளான என்ற சொல்லைத் தேடுங்கள். கிரந்தமும் தமிழும் கலந்து வரும் இடம் அது, கண்ணில் பட்டுவிடும். அடுத்து வருவது சோமன் பெயர்.